வலிக்காத சோகையை விசாரியுங்கள்: மூன்று மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சுகாதார அலுவலர்கள், வட்டார மருத்துவ அலுவலர்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் 1985இல் வட ஆற்காடு மாவட்டத்தில் ஆய்வக நுட்புநராகப் பணியில் சேர்ந்தவன். திருவண்ணாமலையும் நம்மோடு சேர்ந்திருந்த காலம் அது. 1989இல் அது பிரிந்துபோனதையும், 2019இல் எஞ்சிய வேலூர் மாவட்டம் மூன்றானதையும் ஆய்வக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு, அதே ஆண்டில் ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் அதிகமாகச் செய்த வேலை, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, அதில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான். முதலில் சாலி குழாயில் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்தோம். பிறகு இரத்த அணுக்களைத் தானே எண்ணும் செல் கவுண்டர் கருவி வந்தது. கருவி மாறியதே தவிர, எண்ணை எழுதிய பிறகு நடந்தது மாறவில்லை. எண் குறைந்திருந்தால் இரும்புச் சத்து மாத்திரை, அதோடு கீரை சாப்பிடச் சொல்லி ஓர் அறிவுரை.

இந்த மடலில் நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய ஆணுக்கோ, மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கோ இரும்புச் சத்துக் குறைவால் இரத்தசோகை இருக்கிறது என்று தெரிந்தால், மாத்திரை கொடுப்பதோடு அந்த விவகாரம் முடிந்துவிடக் கூடாது. அவருடைய இரத்தம் உணவுப்பாதையில் எங்கேனும் கசிந்துகொண்டிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும் என்பதை மூன்று மாவட்டங்களிலும் எழுத்துமூலமான நடைமுறையாக ஆக்குங்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதற்குக் காரணம், வயிற்றிலும் குடலிலும் வளரும் புற்றுக்கட்டி தனக்கென்று இரத்தக்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மருத்துவர்களாகிய உங்களுக்குத் தெரிந்ததே என்றாலும், இம்மடலை உங்களோடு சேர்ந்து படிக்கப்போகும் செவிலியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் அது பயன்படும்.

அதற்குமுன் என் வீட்டுச் செய்தி ஒன்று. என் அண்ணன் குடியாத்தத்தில் குழித்தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்தவர். 2017ஆம் ஆண்டு மார்ச்சில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நான் வேலை பார்த்த இடத்துக்கே வந்தார். நான்தான் அவர் விரலைக் குத்தினேன். 8.4 கிராம் இருந்தது. ஸ்லைடில் பார்த்தபோது சிவப்பணுக்கள் சிறுத்து, நடுப்பகுதி வெளிறி, இரும்புக் குறைவின் எல்லா அடையாளங்களோடும் இருந்தன. “ரத்தம் கம்மியா கீதுண்ணா, மாத்திரைய உடாம சாப்புடு, முருங்கைக்கீரை சாப்புடு” என்று சொல்லி அனுப்பினேன். ஐம்பத்தெட்டு வயது ஆண் ஒருவருக்கு, தினமும் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு, இரும்பு ஏன் குறைய வேண்டும் என்ற கேள்வி எனக்கு அப்போது எழவில்லை. மூன்று மாதத்தில் எண் 9.6க்கு ஏறியது, மகிழ்ந்தோம். பிறகு மறுபடி இறங்கியது. மலம் கறுப்பாகப் போகிறது என்று ஒருமுறை சொன்னார். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் பாடநூலின்படி சரி. கேட்டவர் விஷயத்தில்தான் தவறு. பதினோரு மாதம் கழித்து வலது அடிவயிற்றில் கையால் தொட்டு உணரும் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. எண்டோஸ்கோபிக் குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புற்று. ஸ்கேனில் கல்லீரலில் ஏற்கெனவே திட்டுகள்.

இனி அந்தக் கட்டிக்குள் நடந்தது என்ன என்பதற்கு வருகிறேன். எந்தப் புற்றுக்கட்டியும் தொடக்கத்தில் சொந்தமாக இரத்தக்குழாய் இல்லாத வெறும் உயிரணுத் திரள்தான். பக்கத்தில் இருக்கும் தந்துகி என்ற மிக நுண்ணிய இரத்தக்குழாயிலிருந்து பிராணவாயு ஊறிச் செல்லக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அதற்கு அப்பால் இருக்கும் உயிரணு மூச்சுத் திணறும். ஆகவே ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கட்டி பெருக்க முடியாமல் அப்படியே கிடக்கும். இதைத் தெளிவாகச் சொன்னவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவராக இருந்த ஜூடா ஃபோக்மன். 1960களின் தொடக்கத்தில் கடற்படை ஆய்வகம் ஒன்றில், உடலிலிருந்து பிரித்தெடுத்துத் திரவம் ஓடவிட்டு உயிரோடு வைத்திருந்த தைராய்டு சுரப்பிகளில் புற்றணுக்களைப் பதியம் போட்டபோது, அவை கடுகளவில் நின்றுவிடுவதையும், அதே கட்டியை எலியின் உடலில் வைத்தால் தடையின்றி வளர்வதையும் அவர் கண்டார். புதிய இரத்தக்குழாய் வளராமல் கட்டி வளராது, எனவே குழாய் வளர்ச்சியைத் தடுப்பதே ஒரு சிகிச்சையாக முடியும் என்று 1971இல் அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை. அறுவை மருத்துவர் ஒருவர் ஆய்வக விஞ்ஞானம் பேசுகிறாரே என்ற இளக்காரமும் அதில் இருந்தது.

நம் பக்கத்து உழவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஏரிக்கரையில் முறையான மதகு இருக்கிறது. யாருக்கு எப்போது தண்ணீர் என்பதற்கு ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது. ஒருவன் இரவோடு இரவாகக் கரையை வெட்டித் தன் நிலத்துக்குக் கள்ள மடை வைத்துக்கொள்கிறான். கட்டி செய்வதும் அதையே. பிராணவாயு கிடைக்காமல் திணறும் புற்றணு, பற்றாக்குறையை உணரும் தன் உட்பொறியை இயக்கி, இரத்தக்குழாயின் உட்சுவரை வளரத் தூண்டும் ஒரு புரதத்தை வெளியே அனுப்புகிறது. அது அருகிலுள்ள நல்ல குழாயைத் தொட்டதும், அக்குழாயிலிருந்து புதிய கிளை முளைத்துக் கட்டியை நோக்கிப் படர்கிறது. பிராணவாயுப் பற்றாக்குறையை உயிரணு எப்படி உணர்கிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் கிரெக் செமென்ஸா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் புரதத்தின் வரலாற்றில் என் மடலுக்கு மிக வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 1983இல் டொனால்ட் செங்கர், ஹரால்ட் ட்வோராக் முதலியோர், கட்டிகளிலிருந்து வெளிவந்து இரத்தக்குழாய்களைக் கசியச் செய்யும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1989இல் நெப்போலியோன் ஃபெராரா, குழாயின் உட்சுவர் உயிரணுக்களை வளரச் செய்யும் ஒரு பொருளைக் கண்டறிந்தார். ஆராய்ந்து பார்த்தபோது இரண்டும் ஒரே புரதம். இன்று வி.இ.ஜி.எஃப். என்ற பெயரில் அழைக்கப்படுவது அதுதான். வளரச் செய்வதும் கசியச் செய்வதும் ஒரே கை என்பதால், கட்டியின் குழாய்கள் பிறக்கும்போதே ஒழுகலோடு பிறக்கின்றன. அவை கோணல்மாணலாக ஓடும். சில இடத்தில் உப்பியும் சில இடத்தில் முட்டுச்சந்தாகவும் இருக்கும். நல்ல குழாயை வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கும் துணை உயிரணுக்கள் அவற்றில் அரைகுறையாகவே ஒட்டியிருக்கும். அவசரத்தில் வெட்டிய கள்ள மடைக்குக் கரை கட்டியவன் யார்?

கட்டி மூளையிலோ எலும்பிலோ இருந்தால் இந்த ஒழுகல் நமக்குத் தெரிய வழியில்லை. உணவுப்பாதை அப்படியானதன்று, அது வாயிலிருந்து மலவாய் வரை திறந்த ஒரு குழாய். அதன் உட்சுவரில் வளரும் கட்டியின் மேற்பரப்பை உணவும் மலமும் நாள் தவறாமல் உரசிச் செல்கின்றன. குழாய்கள் எட்டாத பகுதிகள் செத்து உதிர்ந்து புண்ணாகின்றன. பலவீனமான குழாய்கள் அங்கே கிழிந்து, இரத்தம் சொட்டுச் சொட்டாக உள்ளே விழுகிறது. கட்டிக்கு வலி இல்லை, அடைப்பு இல்லை, எடை கூடக் குறைந்திருக்காது. ஆனால் இரத்தம் போய்க்கொண்டிருக்கும்.

எவ்வளவு போனால் சோகை வரும்? ஒரு மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாம் சாப்பிடும் உணவிலிருந்து உடல் உறிஞ்சிக்கொள்வது நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்; இயல்பான தேய்மானத்துக்கே அது சரியாகப் போய்விடும். ஒரு கட்டியிலிருந்து நாளுக்குப் பத்து மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி, கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஐந்து மில்லிகிராம் இரும்பு கூடுதலாகப் போகிறது. ஆண் உடலின் இரும்புச் சேமிப்பு ஏறத்தாழ ஆயிரம் மில்லிகிராம். ஆறேழு மாதத்தில் கிடங்கு காலி. பெண்ணுடைய சேமிப்பு அதைவிட மிகக் குறைவு. இத்தனைக்கும், மலம் கண்ணுக்குத் தெரியும்படி கறுத்துப்போக நாளுக்கு ஐம்பது முதல் நூறு மில்லி வரை போயாக வேண்டும். ஆக, யார் கண்ணிலும் படாமலேயே ஒருவருடைய உடலிலிருந்து இரும்புச் சேமிப்பு முழுவதும் வெளியேறிவிட முடியும். அது முதன்முதலில் எழுத்தில் பதிவாகும் இடம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஹீமோகுளோபின் பதிவேடு. அங்கேதான் நான் இருந்தேன்.

பெருங்குடலின் வலப்பக்கத்துக் கட்டி இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம். அந்தப் பகுதி அகலமானது. அங்கே மலம் இன்னும் கூழாகவே இருப்பதால் அடைப்பு உண்டாவதற்கு நெடுநாள் ஆகும். கசிந்த இரத்தம் வெளியே வருவதற்குள் மலத்தோடு முற்றிலும் கலந்துவிடும். இடப்பக்கத்துக் கட்டியாவது மலச்சிக்கலையும் கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் காட்டி எச்சரிக்கும். அப்போதும் நம் மக்கள் முதலில் நினைப்பது மூலத்தைத்தான். காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரை எத்தனை சுவர்களில் மூலம், பவுத்திரம் என்ற விளம்பரம் எழுதியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், நாற்பது வயதுக்கு மேல் மலத்தில் இரத்தம் என்றால் யாரிடம் போக வேண்டும் என்பதை இவ்வூரில் தீர்மானிப்பது யார் என்பது விளங்கும். வயிற்றின் மேல்பகுதியில் எரிச்சல் என்றால் ‘அல்சர்’ என்று மருந்துக்கடையில் மாத்திரை; அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இரைப்பைப் புற்றின் எரிச்சலையும் சில காலம் அடக்கிவிடும் என்பதால் அதுவும் காலத்தைத் தின்றுவிடும். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும்.

கசியும் குழாய்கள் வழியாக இரத்தம் வெளியேறுவது மட்டும் நடப்பதில்லை. புற்றணுவும் அதே ஓட்டைகளின் வழியே இரத்த ஓட்டத்துக்குள் நுழைகிறது. குடலின் இரத்தமெல்லாம் போர்ட்டல் நாளத்தின் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போய்த்தான் உடலின் மற்ற பகுதிகளுக்குப் போகும். குடல் புற்று பரவும் முதல் ஊர் பெரும்பாலும் கல்லீரலாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். அமெரிக்காவின் பதிவேட்டுக் கணக்கில், பெருங்குடல் புற்று குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்கிறார்கள்; தூர உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் நூற்றில் பதினைந்து பேர் அளவில்தான்.

ஃபோக்மன் சொன்ன சிகிச்சை கைக்கு வர முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் பெவாசிசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து, பரவிய பெருங்குடல் புற்றுக்காக 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 813 பேர் பங்கேற்றார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதம், பெவாசிசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20.3 மாதம். நான்கு மாதம் இருபது நாள் போன்ற ஒரு கூடுதல். இரைப்பைப் புற்றில் இதே மருந்து ஆயுளை உறுதியாக நீட்டவில்லை; அதே புரதம் போய் ஒட்டும் ஏற்பியை அடைக்கும் ராமுசிருமாப் என்ற வேறொரு மருந்து, பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது 7.4 மாத இடைநிலை ஆயுளை 9.6 மாதமாக்கியது. கணையப் புற்றிலோ குழாய்களே குறைவு. சுற்றிலும் நார்த்திசு இறுகிக் கிடக்கும் அந்தக் கட்டியில் பெவாசிசுமாப் பயன் தரவில்லை. கல்லீரலிலேயே தோன்றும் புற்றில் மட்டும் குழாய்களின் கணக்கு வேறு மாதிரி உதவுகிறது. நல்ல கல்லீரல் தனக்கு வேண்டிய இரத்தத்தில் முக்கால் பங்கைப் போர்ட்டல் நாளத்திலிருந்து எடுக்க, கட்டியோ தமனியிலிருந்தே குடிக்கிறது. எனவே கதிரியக்க மருத்துவர்கள் தமனிக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, கட்டிக்குப் போகும் கிளையை மருந்தோடு அடைத்துவிட முடிகிறது.

ஏன் மாதக் கணக்கோடு நின்றுவிடுகிறது என்பதற்கும் விடைகள் இருக்கின்றன. ஒரு புரதத்தை அடைத்தால் கட்டி வேறொரு புரதத்தைக் கொண்டு மடை வெட்டுகிறது. கல்லீரலில் பரவிய சில கட்டிகள் புதிய குழாயே வளர்ப்பதில்லை; அங்கே ஏற்கெனவே இருக்கும் நல்ல குழாய்களைச் சுற்றிக்கொண்டு வளர்கின்றன என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட கட்டியிடம் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துக்கு வேலையில்லை. இன்னொரு பக்கம், கான்பூர் ஐஐடியில் படித்து ஹார்வர்டில் ஆய்வு செய்யும் ராகேஷ் ஜெயின், இந்த மருந்துகள் குழாய்களைப் பட்டினி போடுவதைவிடக் கோணல் குழாய்களைச் சில காலம் சீராக்குவதாலேயே பயன்படுகின்றன, அந்த இடைவெளியில்தான் கீமோ மருந்து கட்டிக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது என்று விளக்கினார். கீமோவோடு சேர்ந்தபோது இம்மருந்து நன்றாக வேலை செய்வதற்கு அது பொருத்தமான விளக்கமாகவே எனக்குத் தோன்றுகிறது. அறுவை முடிந்த பிறகு நோய் திரும்பாமல் தடுக்க பெவாசிசுமாபைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில் எந்தப் பயனும் கிடைக்கவில்லை.

என் அண்ணனுக்கும் கீமோவோடு அந்த மருந்து ஏறியது. நோய் தெரிந்த நாளிலிருந்து இருபத்திரண்டு மாதம் இருந்தார். அதில் பேத்தியின் காதுகுத்து வந்தது. தறியில் உட்கார முடியாவிட்டாலும் பாவு போடும் இடத்தில் நின்று மகனுக்குக் குறை சொல்லும் அளவுக்குத் தெம்பு இருந்தது. அந்த மாதங்களை நான் சிறிதாக மதிக்கவில்லை. ஆனால் பதினோரு மாதங்களை எங்கே தொலைத்தோம் என்பதை அந்த இருபத்திரண்டு மாதமும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பதிவேட்டில் 8.4 என்று எழுதிய அன்றைக்கே குழாய் விட்டுப் பார்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. கேள்வி கேட்கும் இடத்தில் இருந்துகொண்டு கேட்காமல் விட்டது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இப்போது கோரிக்கையை விரிக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2023இல் அரசு நான்கு மாவட்டங்களில் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனை முன்னோட்டத்தில் இடம்பெற்றவை. அதில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றும் பார்க்கப்படுகின்றன. உணவுப்பாதை அதில் இல்லை. எல்லாருக்கும் குடலைப் பரிசோதியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஆளும் கருவியும் போதாது என்பது அந்தத் துறையில் இருந்த எனக்குத் தெரியும். ஏற்கெனவே நம் கையில் இருக்கும் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன். ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழ், பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழ் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைக்கு வெளியே விழும், நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களையும், மாதவிலக்கு நின்ற பெண்களையும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பிரிட்டன் முதலிய நாடுகளின் வழிகாட்டு நெறிகள், இரும்புக் குறைவுச் சோகை உள்ள ஆண்களிடமும் மாதவிலக்கு நின்ற பெண்களிடமும் இரைப்பை, பெருங்குடல் இரண்டையும் பார்க்கச் சொல்கின்றன. நாற்பது என்ற வரம்பை நம் கூட்டத்தை மனத்தில் வைத்து நான் போடுகிறேன். மருத்துவர்கள் வேறு எண்ணைச் சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.

மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காட்டும் சோதனையை ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வகத்திலேயே வையுங்கள். என் பயிற்சிக் காலத்தில் இதற்குப் பென்சிடின் என்ற பொடியைப் பயன்படுத்தினோம். புற்றைக் கண்டறிய உதவிய அந்தப் பொடியே சிறுநீர்ப்பையில் புற்று உண்டாக்கும் என்று தெரிந்து பின்னர் கைவிடப்பட்டது. அதன் பிறகு வந்த பழைய அட்டைச் சோதனை, ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி சாப்பிட்டிருந்தாலும் இரத்தம் என்று காட்டிவிடும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மூன்று நாள் பிரியாணி சாப்பிடாமல் வந்து மாதிரி கொடுங்கள் என்று சொல்லிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை. இப்போது இருக்கும் எஃப்.ஐ.டி. சோதனை மனித ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபினை மட்டும் அடையாளம் காண்பதால் பத்தியம் தேவையில்லை. ஆனால் இரைப்பையிலிருந்து கசியும் குளோபின் குடலில் செரித்துவிடும் என்பதால், மேல்பகுதிக் கசிவை இது தவறவிடக் கூடும். ஆகவே சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும், சோகைக்கு வேறு காரணம் தெரியாதவரை அவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். யாரை முதலில் அனுப்புவது என்று வரிசைப்படுத்த அந்தச் சோதனை போதும்.

வட்டாரத்துக்கு இத்தனை பேர் என்று அனுப்பப்படுகிறவர்களுக்கு அரசு மருத்துவமனை எண்டோஸ்கோபி பிரிவில் வாரத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிவிட்டால், அணைக்கட்டிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும், ஜவ்வாது மலையின் பீஞ்சமந்தையிலிருந்தும் புதூர்நாட்டிலிருந்தும் வருகிறவர் பேருந்துக்கட்டணம் செலவழித்துவிட்டு வேறு தேதி வாங்கிக்கொண்டு போக நேராது. இப்போதைய எண்டோஸ்கோபிகளில், ஹீமோகுளோபின் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் 415, 540 நானோமீட்டர் அலைநீள ஒளியை மட்டும் பாய்ச்சி, சவ்வின் நுண்குழாய்களைக் கறுத்த கோலம்போலக் காட்டும் வசதி பலவற்றில் இருக்கிறது. கோலத்தின் ஒழுங்கு எங்கே குலைந்திருக்கிறதோ அங்கே பயாப்ஸிக்காகச் சிறு சதைத்துணுக்கு எடுக்கலாம். ஃபோக்மன் சொன்ன அதே புதிய குழாய்கள், கட்டியாக எழும்பும் முன்பே அதைக் காட்டிக்கொடுக்கின்றன. வாங்கப்போகும் கருவிகளிலாவது இந்த வசதி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கும் கருவியில் அந்தப் பொத்தான் அழுத்தப்படுகிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், இந்த மருந்துகளில் இருக்கிறவர்களைப் பற்றியது. வேலூரில் பெரிய மருத்துவமனையில் ஊசி ஏற்றிக்கொண்டு, மறுநாளே குடியாத்தத்துக்கோ ஆலங்காயத்துக்கோ திரும்பிவிடுகிறார்கள். குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து நல்ல குழாய்களையும் தொடும். இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், மூக்கிலிருந்து இரத்தம் வடியும், புண் ஆறாது. அரிதாகக் குடலில் ஓட்டை விழும். முன்சொன்ன 2004 ஆய்வில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு நேர்ந்தது. திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால் அது ‘கேஸ்’ என்று மருந்துக்கடையில் சொல்லி அனுப்பப்படும் ஆபத்து இருக்கிறது. பல் பிடுங்கப் போனாலும், வேறு எந்த அறுவைக்குப் போனாலும் இந்த மருந்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பெரிய அறுவைக்குப் பிறகு குறைந்தது 28 நாளாவது ஆகி, புண்ணும் ஆறிய பின்புதான் மருந்தை மறுபடி தொடங்குவார்கள். இவற்றையெல்லாம் தமிழில் ஒரே அட்டையில் அச்சடித்து நோயாளியின் சட்டைப்பையில் இருக்கும்படி செய்யலாம். என் அண்ணனுக்கு ஒருநாள் அழுத்தம் 190க்குப் போனதை எங்கள் தெருவுக்கு வந்த களப்பணியாளர் அம்மாதான் கண்டுபிடித்தார். எதனால் ஏறியது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

சோகை உள்ளவர் எல்லாருக்கும் புற்று இருக்கும் என்ற பீதியை ஊரில் கிளப்பிவிடுவோமோ என்று நீங்கள் தயங்கலாம். நியாயமான தயக்கம். நம் பகுதியில் சோகைக்குக் கொக்கிப் புழு உண்டு, சத்தில்லாத சாப்பாடு உண்டு, மூட்டுவலிக்காக நெசவாளர்களும் தோல் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையால் இரைப்பையில் வந்த புண் உண்டு, குடிப்பழக்கம் உண்டு. குழாய் விட்டுப் பார்க்கும் பெரும்பாலோருக்கு இவற்றில் ஒன்றுதான் இருக்கும். அதுவும் தெரிந்தால் நல்லதுதானே? இளம்பெண்களின் சோகையையும் கர்ப்பிணிகளின் சோகையையும் இந்த ஏற்பாட்டோடு குழப்ப வேண்டாம் என்பதற்காகத்தான் வயதையும் மாதவிலக்கையும் அளவுகோலாக வைத்தேன்.

நம் மாவட்டத்துக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கிய பிறகு, களப்பணியாளர்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் முதுகிலும் கையிலும் வெளிறிய தேமலைத் தேடினார்கள். நான் பணியில் சேர்ந்த 1980களில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, வலிக்கிற புண்ணை அவனே கொண்டுவந்து காட்டுவான், வலிக்காத தேமலை நீதான் தேடிப் போக வேண்டும் என்பதுதான். வட ஆற்காட்டில் தொழுநோய் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் ரயில் பயணம் செய்து காட்பாடியில் இறங்கி, வங்காளி மொழிப் பலகை தொங்கும் விடுதிகளில் தங்கிக் குடலைப் பரிசோதித்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். அதே காட்பாடிக்கு அரைமணி நேரத் தொலைவில் இருப்பவர், கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் வருகிறார்.

தனிப்பக்கப் பதிவேட்டுக்கான மாதிரிப் படிவம் ஒன்றை, வயது, ஹீமோகுளோபின், சிவப்பணுவின் அளவு, வலிநிவாரணி மாத்திரைப் பழக்கம், மலப் பரிசோதனை முடிவு, அனுப்பிய தேதி, பார்த்துவிட்டு வந்த தேதி என்று ஏழு பத்திகளோடு வரைந்து வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தி காலியாக இருப்பவரின் வீட்டுக்கு மாதம் ஒருமுறை யாராவது போக வேண்டும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது இதைத் தொடங்கிப் பார்க்க முன்வந்தால், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆய்வக நுட்புநர்களுக்குச் சிறுத்து வெளிறிய சிவப்பணுக்களை ஸ்லைடில் அடையாளம் காட்ட, வாரத்தில் இரண்டு நாள் காலை ஒன்பது மணிக்கு வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன். பயணச் செலவு எனக்கு வேண்டாம். நல்ல மைக்ரோஸ்கோப் ஒன்று இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.